கண்டக்டர் போட்ட முட்டை

மார்ச் 3

அம்மா,

மருமகளேன்னு எழுதி அடிச்சிருக்கேன். அடிச்ச இடம் மேலயே தெரியும், கோவிச்சுக்காதே. இப்ப உன்னை எப்படிக் கூப்பிடலாம்னு எனக்குத் தெரியல.

உன் அட்ரஸை நீ முன்னாடி வேலை பார்த்த பல் லேப் முதலாளியம்மாகிட்ட கெஞ்சி வாங்கினேன். அவங்களைத் திட்டாதே. பறவை விஷயமா மட்டும்தான் எழுதுவேன்னு வாக்குக் கொடுத்த பிறகுதான் கொடுத்தாங்க. உன் போன் நம்பர் மாறிடுச்சு. மாறலன்னாலும் போன்ல யார் பேசினாலும் எனக்குக் கொசு பாடுற மாதிரிதான் கேக்கும்.

விஷயத்துக்கு வர்றேன். கண்டக்டர் முட்டை போட்டுட்டார்.

சிரிக்காதே. யார் வாசல் பக்கம் போனாலும் விசில் அடிக்கிறான்னு நீதான் அந்தப் பேரை வச்ச. மூணு வருஷமா நானும் 'என்னய்யா கண்டக்டர், வண்டி கிளம்பலாமா'ன்னு ஆம்பளைகிட்ட பேசுற மாதிரி பேசிட்டு இருந்தேன். போன வாரம் செருப்பு அலமாரியைத் திறந்தா, கீழ்த்தட்டுல என் பழைய டூட்டி பூட்ஸுக்குப் பின்னாடி, பேப்பரைக் கிழிச்சு மெத்தை போட்டு, நடுவுல வெள்ளையா ஒண்ணு. முதல்ல ரப்பர் பந்துன்னு நினைச்சேன். மூக்குக் கண்ணாடி போட்டுப் பார்த்தா முட்டை.

ஜோடியே இல்லாம எப்படி முட்டை போடும்னு எனக்குப் புரியல. கெட்ட முட்டையா இருக்கும்னு குப்பையில போட்டேன். ஒரு நாள் விட்டு இன்னொண்ணு. அதையும் போட்டேன். இன்னிக்கு மூணாவது. இப்ப அலமாரிப் பக்கம் போனாலே பாம்பு மாதிரி சீறுது. மஞ்சக் கொண்டையைப் பின்னாடி படுக்க வச்சுக்கிட்டு என் கட்டை விரலைக் கடிச்சு ரத்தம் வர வச்சிருச்சு. என் தோள்லயே உக்காந்து டிவி பார்த்த பறவை அது.

மூணாவதையும் எடுக்கலாமா, வேண்டாமா? நீ சொல்ற வரைக்கும் தொட மாட்டேன்.

என் பையன் வேலை மாறி வேற ஊருக்குப் போய் ஆறு மாசம் ஆச்சு. வீட்டுல நானும் கண்டக்டரும்தான். இந்த லெட்டர் எழுதுறது அவனுக்குத் தெரியாது.

மாமா


மார்ச் 8

மாமா,

லெட்டர் வந்து ரெண்டு நாள் பிரிக்காம வச்சிருந்தேன். கவர் மேல உங்க கையெழுத்தைப் பார்த்ததும் கை வரல. அப்புறம் கண்டக்டருக்கு ஏதாவது ஆகியிருக்குமோன்னு பயந்து பிரிச்சேன்.

முட்டையை எடுக்காதீங்க. எடுக்க எடுக்க, குறையுதேன்னு அவ போட்டுக்கிட்டே இருப்பா. ஒவ்வொரு முட்டைக்கும் ஓடு கட்ட அவ எலும்புல இருந்துதான் சுண்ணாம்புச் சத்து போகும். எங்க லேபுக்கு எதிர்ல ஒரு கால்நடை டாக்டரம்மா இருக்காங்க, அவங்ககிட்ட கேட்டுட்டுத்தான் எழுதுறேன். ஜோடி இல்லாமலே பெண் காக்கட்டீல் கிளி முட்டை போடுமாம். குஞ்சு வராது. ஆனா அது அவளுக்குத் தெரியாது.

கூட ஒரு சின்ன டப்பா அனுப்பியிருக்கேன். அஞ்சு பொய் முட்டை. பல் செட்டுக்கு ஊத்துற அக்ரிலிக்ல நானே மெழுகு அச்சு எடுத்துச் செஞ்சது. நல்லா வேக வச்சு, பாலிஷ் போட்டு, கொதிக்கிற தண்ணியில மூணு தடவை முக்கி எடுத்தது. கடிச்சாலும் ஒண்ணும் ஆகாது. நிஜ முட்டையை எடுத்துட்டு அந்த இடத்துல இதை வைங்க. நிஜ முட்டை உடைஞ்சா நோய் வரும். அவ பாட்டுக்கு உக்காரட்டும். மூணு வாரம் ஆகும், அலுத்துப்போய் அவளே எழுந்து வருவா. அவளா விட்டதுக்கு அப்புறம்தான் எடுக்கணும். அதுக்கு முன்னாடி எடுக்கவே கூடாது.

இதெல்லாம் ஏன் வந்ததுன்னு யோசிச்சேன். சாயங்காலம் விளக்கு போட்டா நீங்க தூங்கப் போற வரைக்கும் எரியும். வெளிச்சம் ஜாஸ்தியா இருந்தா குஞ்சு பொரிக்கிற காலம் வந்துருச்சுன்னு அவ உடம்பு நினைச்சுக்கும். தினம் பன்னிரண்டு மணி நேரம் இருட்டும் அமைதியும் வேணும். தலையையும் கன்னத்தையும் மட்டும் தடவுங்க. முதுகைத் தடவினா உங்களைத் துணைன்னு நினைச்சுக்குவா. சூடா, மெத்துன்னு எதுவும் ஊட்டாதீங்க. இந்த முட்டைக் காலம் முடிஞ்சதும் செருப்பு அலமாரியை மூடிடுங்க, பொந்து மாதிரி எந்த இடமும் அவ கண்ணுல படக் கூடாது.

நான் கிளம்பினப்போ ஹாஸ்டல்ல பறவை சேர்க்க மாட்டாங்கன்னுதான் அவளை விட்டுட்டு வந்தேன். வேற யாரை நம்பியும் இல்ல.

இது கண்டக்டருக்காக எழுதின லெட்டர். வேற எதுக்கும் இல்ல.


மார்ச் 16

அம்மா,

டப்பா வந்தது. என் முன் பல்லும் அந்த முட்டையும் ஒரே கலர்ல இருக்கு. மேல் மாடி டீச்சரம்மாகிட்ட காட்டினேன், 'இது உங்க மருமக கைவேலையா? கோழிகூட ஏமாந்துரும்'னாங்க. நிஜ முட்டை மூணையும் எடுத்துட்டு அஞ்சையும் வச்சேன். (நீ எழுதுறதுக்குள்ள அவ இன்னும் ரெண்டு போட்டிருந்தா.) பூட்ஸுக்குப் பின்னாடி கையை விட்டு வெளிய எடுக்கிறதுக்குள்ள என் கையில ஏழு கடி. முதல்ல ஒரு கண்ணை மூடி மறு கண்ணால பார்த்தா. அலகால ஒவ்வொண்ணாப் புரட்டினா. நல்லா விசாரிச்ச பிறகு ஏறி உக்காந்துட்டா.

உன் லெட்டரைப் படிச்சதும் எனக்குத் தலையில அடிச்சுக்கணும் போல இருந்தது. நீ செய்யக் கூடாதுன்னு எழுதினது அத்தனையும் ஒண்ணு விடாம நான் செஞ்சிருக்கேன். பிள்ளை பெத்தவளுக்குப் பக்குவம் பார்க்கிற மாதிரி வேக வச்ச சோளத்தை வெதுவெதுன்னு ஊட்டினேன். தினம் டிவி பார்க்கிறப்போ முதுகைத் தடவினேன். அவ வாலைத் தூக்கிக்கிட்டு 'கொக்கொக்'னு முனகுவா, 'பாவம், கிழவன் கை இதமா இருக்கு போல'ன்னு நான் பெருமைப்பட்டேன். மானம் போச்சு.

இருட்டுக்கு ஒரு ஏற்பாடு பண்ணிட்டேன். ஹாலைவிட்டு உன் பழைய தையல் மிஷின் இருந்த ரூமுக்குக் கூண்டை மாத்தினேன். சுத்தி கறுப்புத் துணி, மேல ரெண்டு கப்பி, ஒரு பக்கம் எடை சரிக்கட்ட கவுண்டர் வெயிட். சாயங்காலம் ஆறரைக்கு ஒரே விரலால இழுத்தா திரை லிஃப்ட் மாதிரி இறங்கும், சத்தமே வராது. காலையில ஆறரைக்கு ஏறும். முட்டைக் காலம் முடியிற வரைக்கும் அவ அலமாரியில இருப்பா, அதனால அங்கயும் ஒரு குட்டித் திரை. லிஃப்ட் வேலையில இருந்து ரிட்டயர் ஆன பிறகு நான் மாட்டின முதல் லிஃப்ட்.

ஒண்ணு சொல்லணும். வாக்கை மீறுறேன். போன வருஷம் ஜூன்ல அவன் உன்னைப் பால்கனியில வச்சுக் கதவைப் பூட்டிட்டு வெளிய போனானே, அன்னிக்கு நான் ஹால்லதான் இருந்தேன். நீ தட்டினது எனக்குக் கேக்கலம்மா. கண் அசந்துட்டேன். கேட்டிருந்தா திறந்திருக்க மாட்டேனா?

மாமா


மார்ச் 21

மாமா,

நீங்க தூங்கல.

அன்னிக்கு நான் கண்ணாடிக் கதவு வழியா உங்களைப் பார்த்துக்கிட்டே நின்னேன். நாற்காலியில பேப்பர் விரிச்சு வச்சிருந்தீங்க. நான் முதல் தடவை தட்டினதும் நிமிர்ந்தீங்க. ரெண்டாவது தடவை தட்டினதும் காது மிஷினைக் கழட்டிச் சட்டைப் பையில போட்டுக்கிட்டீங்க. அப்புறம் பக்கத்தைத் திருப்பினீங்க.

மத்தியானம் ஒண்ணரை மணியில இருந்து அவர் திரும்பி வர்ற வரைக்கும் மூணேகால் மணி நேரம். தரை சுட்டது. செருப்பு உள்ள இருந்தது. துவைச்ச துணியைக் கொடியில இருந்து எடுத்துக் காலுக்குக் கீழ போட்டு அது மேல நின்னேன். உள்ள கண்டக்டர் மட்டும் கதவு பக்கம் தாவித் தாவி விசில் அடிச்சா.

உங்க பையன் செஞ்சதைவிட எனக்கு அந்தச் சட்டைப் பைதான் ராத்திரி பகல் கண்ணுக்குள்ள நிக்குது. அவர் கோபக்காரர், அது எனக்குத் தெரியும். நீங்க நல்லவர்னு நினைச்சிருந்தேன்.

ஒன்பது மாசம் கழிச்சு எழுதுற லெட்டர்லயும் பொய்தான் வருதுன்னா, எழுத வேண்டாம்.

கண்டக்டருக்கு மட்டும்: கூண்டுல கணவாய் மீன் ஓடு ஒண்ணு தொங்க விடுங்க, சுண்ணாம்புச் சத்துக்கு. எப்பவாவது அவ உடம்பைப் பந்து மாதிரி உப்பிக்கிட்டு, கூண்டுத் தரையில உக்காந்து, மூச்சுக்கு மூச்சு வால் மேலயும் கீழயும் ஆடினா, முட்டை உள்ள சிக்கியிருக்குன்னு அர்த்தம். அப்ப எனக்கு எழுதிட்டு உக்காந்திருக்காதீங்க. உடனே டாக்டர்கிட்ட தூக்கிட்டு ஓடுங்க. சில மணி நேரம்தான் இருக்கும்.


ஏப்ரல் 6

அம்மா,

எழுத வேண்டாம்னு சொன்ன. மீறுறேன். முதல்லயே சொல்லிடுறேன், கண்டக்டர் உயிரோட இருக்கா.

தப்பு என்னோடது. உன் லெட்டர் வந்த அன்னிக்கு அலமாரி முன்னாடி உக்காந்து அவளையே பார்த்துக்கிட்டு இருந்தேன். சாப்பிடக்கூட எழுந்து வராம, பல் செட் முட்டையை அணைச்சுக்கிட்டுக் கிடக்குறா. இந்த வீட்டுல பொய் போதும்னு ஒரு வேகம் வந்தது. அஞ்சையும் எடுத்துட்டேன். அப்ப பன்னிரண்டு நாள்தான் ஆகியிருந்தது. அவளா விடுற வரைக்கும் எடுக்காதீங்கன்னு நீ தெளிவா எழுதியிருந்த. என் மனசு ஆறணும்னு அவ உடம்போட விளையாடிட்டேன்.

பத்து நாள்ல மறுபடி ஒரு முட்டை போட்டா, தோல் மாதிரி மெல்லிசா. முந்தாநாள் காலையில திரையை ஏத்தினா, கூண்டுத் தரையில பஞ்சுப் பந்து மாதிரி உக்காந்திருக்கா. வால் ஆடுது. விசில் இல்ல. கண்ணு பாதி மூடியிருக்கு. நீ எழுதின வரி அப்படியே கண்ணு முன்னாடி வந்தது.

உன் தையல் நூல் அட்டைப் பெட்டியில துண்டு விரிச்சு, வெந்நீர் பாட்டில் ஒண்ணைத் துணியில சுத்திப் பக்கத்துல வச்சு, மேல ஓட்டை போட்டு, பஸ் ஏறிட்டேன். பஸ்ஸுல பக்கத்துல இருந்தவர் 'பெட்டியில என்ன பெரியவரே?'ன்னார். 'கண்டக்டர்'னேன். நிஜக் கண்டக்டர் திரும்பிப் பார்த்தார். சிரிக்கிற நிலைமையில நான் இல்ல.

டாக்டர் சின்ன வயசுப் பொண்ணு. வாயைத் திறந்து என்னவோ கேக்குறா, எனக்கு ஒண்ணும் புரியல. அவ என் காதைப் பார்த்துட்டு, பக்கத்துல வந்து கத்தினா.

"ஐயா, காது மிஷின் இல்லையா?"

"வீட்டுல இருக்கும்மா. அவசரத்துல..."

"வீட்டுலதான் எப்பவும் இருக்குமா?"

அவ கேட்டது சாதாரணமாத்தான். ஆனா என் கை தன்னால சட்டைப் பையைத் தொட்டுப் பார்த்துச்சு. அப்புறம் எல்லாத்தையும் பேப்பர்ல எழுதிக் காட்டினா. சுண்ணாம்புச் சத்து ஊசி. ஈரமும் சூடும் இருக்கிற பெட்டி. 'ரெண்டு மணி நேரம் பார்ப்போம், வரலன்னா வேற வழி பார்க்கணும். பிழைக்கும்னு உறுதி சொல்ல முடியாது.' எடை எழுபத்தி எட்டு கிராம். ஒரு பெரிய தக்காளி கனம்கூட இருக்காதுன்னு நினைச்சுக்கிட்டேன்.

கண்ணாடிப் பெட்டிக்கு முன்னாடி உக்காந்திருந்தேன். உள்ள அவ முக்குறா, நான் இங்க முக்குறேன். ஒண்ணே முக்கால் மணி நேரம் கழிச்சு முட்டை வந்தது. வந்ததும் கொண்டையைத் தூக்கி என்னைப் பார்த்தா. டாக்டர் பொண்ணு கட்டை விரலைக் காட்டினா. நான் அழுதுட்டேன், வயசான மனுஷன் ஆஸ்பத்திரியில அழுதா யாரும் ஒண்ணும் நினைக்க மாட்டாங்க.

அந்த ஒண்ணே முக்கால் மணி நேரமும் கண்ணாடிக்கு அந்தப் பக்கம் ஒரு உயிர், இந்தப் பக்கம் நான். மேல சொல்ல வேண்டியதில்ல.

நான் தூங்கல. நீ சொன்னது நிஜம். முதல் தட்டு கேட்டது. அவன் போறப்போ 'யாராவது திறந்தா இந்த வீட்டுல நான் இருக்க மாட்டேன்'னு சொல்லிட்டுப் போனான். இந்த வயசுல என்னைத் தனியா விட்டுட்டுப் போயிடுவானோன்னு பயந்தேன். அதான் காரணம். அவ்வளவு அற்பமான காரணம். கடைசியில விட்டுட்டுத்தான் போனான்.

நான் லிஃப்ட் வேலைக்குச் சேர்ந்த முதல் நாள் எங்க போர்மேன் சொன்னார்: உள்ள ஆள் மாட்டிக்கிட்டா, டூலை எடுக்கிறதுக்கு முன்னாடி கதவைத் தட்டி 'வந்துட்டேன், பயப்படாதீங்க'ன்னு குரல் கொடு. கதவு திறக்க நேரமாகும், குரல் கொடுக்க நேரம் ஆகாது. நாப்பது வருஷம் முன்பின் தெரியாதவங்களுக்கெல்லாம் குரல் கொடுத்தேன். உனக்குக் கொடுக்கல.

மன்னிப்பு கேக்கல. கேக்குற யோக்கியதை இல்ல. நடந்ததை நடந்தபடி எழுதணும்னு தோணுச்சு. காரணமே இல்லாம நீ வீட்டை விட்டுப் போயிட்டதா அவன் விவாகரத்துக் கேஸுல கோர்ட்டுக்கு எழுதிக் கொடுத்திருக்கான், அந்தப் பேப்பரோட நகல் இந்த வீட்டுக்கும் வந்தது. அது பொய்னு நான் அங்க வந்து சொல்றேன். உன் வக்கீல் யாருன்னு மட்டும் எழுது.

மாமா


ஏப்ரல் 12

மாமா,

லெட்டரை லேபுல வச்சுப் பிரிச்சுட்டேன். படிக்கப் படிக்க அடுப்புல வச்ச மெழுகு கருகிப் போச்சு. ஒரு பெரியவரோட கீழ்த்தாடை பல் செட், மறுபடி முதல்ல இருந்து செய்யணும். முதலாளி என்னாச்சுன்னு கேட்டார். வீட்டுல ஒரு பிரசவம், கொஞ்சம் சிக்கலாயிடுச்சுன்னு சொன்னேன். லீவு வேணுமான்னார்.

மன்னிச்சுட்டேன்னு எழுத ரெண்டு தடவை ஆரம்பிச்சேன், வரல. வராததை எழுத மாட்டேன். ஆனா இந்தப் பத்து மாசத்துல, அன்னிக்கு அப்படி ஒண்ணு நடந்ததுன்னு என்னைத் தவிர இன்னொருத்தர் சொல்லி இப்பத்தான் கேக்குறேன். எங்க அக்காகூட 'வெயில்ல நின்னதுக்கா வீட்டை விட்டு வந்த?'ன்னுதான் கேட்டா. சில சமயம் நானே பெருசு பண்றேனோன்னு எனக்கே சந்தேகம் வந்துருக்கு. நேத்து முதல் தடவையா நல்லாத் தூங்கினேன்.

கோர்ட்டுக்கு வாங்கன்னு நான் கேக்க மாட்டேன். அவர் உங்க ஒரே பையன். வந்தா என்ன ஆகும்னு உங்களுக்குத் தெரியும். நல்லா யோசிங்க. பறவை பிழைச்ச சந்தோஷத்துல எடுத்த முடிவா இருந்தா வேண்டாம். வக்கீல் அட்ரஸ் இந்தப் பேப்பருக்குப் பின்பக்கம் இருக்கு. அதைப் பார்க்கிறதும் பார்க்காததும் உங்க இஷ்டம்.

கண்டக்டர் விஷயம். பொய் முட்டையைத் திரும்ப வைங்க, இந்தத் தடவை கூண்டுக்குள்ளயே ஒரு மூலையில. அலமாரிக்கு இன்னிக்கே பூட்டுப் போடுங்க. பொய் முட்டை வைக்கிறது அவளை ஏமாத்துறது இல்ல மாமா. அவ உடம்பு ஒரு வேலையைத் தொடங்கிடுச்சு, அதை முடிக்க விடுறோம், அவ்வளவுதான். அவ எழுந்து வந்ததும் கூண்டுல குச்சி, தட்டு, கிண்ணம் எல்லாத்தையும் இடம் மாத்துங்க. தினையைக் கிண்ணத்துல கொட்டாம காகிதத்துல மடிச்சு அங்கங்க செருகுங்க, தேடித் தின்னட்டும். வேலை இருந்தா கூடு கட்டுற நினைப்பு வராது. வாரத்துக்கு ஒரு தடவை எடை போடுங்க. இதுக்கப்புறமும் போட்டுக்கிட்டே இருந்தா முட்டையை நிறுத்துறதுக்கு மருந்து இருக்கான்னு அந்த டாக்டர் பொண்ணுகிட்ட கேளுங்க.

அவகிட்ட போறப்போ மிஷினைப் போட்டுக்கிட்டுப் போங்க.


ஜூன் 19

அம்மா,

நேத்து உன்னைக் கோர்ட்டுல பார்த்தும் ஒரு வார்த்தை பேச முடியல. வெளிய வந்து தேடினேன், நீ பஸ்ஸுக்கு ஓடிட்டதா உன் வக்கீலம்மா சொன்னாங்க. இளைச்சிருக்க. ஆனா நிமிர்ந்து நடக்குற. அதைப் பார்த்தேன்.

நான் பேசினது உனக்கு முழுசாக் கேட்டிருக்கும். அவனோட வக்கீல் 'பெரியவருக்குக் காது கேக்காது, இவர் சாட்சி எப்படிச் செல்லும்?'னு மடக்கினப்போ எனக்கு வியர்த்துருச்சு. ஜட்ஜம்மா என்னைப் பார்த்து, 'அன்னிக்குக் கேட்டதா, கேக்கலையா? அதை மட்டும் சொல்லுங்க'ன்னாங்க. 'கேட்டதும்மா. கேட்டதனாலதான் மிஷினைக் கழட்டினேன்'னு சொன்னேன். எனக்கு அதைச் சொல்ல அரை நிமிஷம்தான் ஆச்சு. அதை அன்னிக்கே சொல்லியிருந்தா எவ்வளவு மிச்சம்.

நீ பார்க்காததைச் சொல்றேன். மாடிப்படியில அவன் என்னை நிறுத்தினான். 'இனிமே நீ எனக்கு அப்பா இல்ல'ன்னான். 'நான் உனக்கு அப்பாவா இருந்திருந்தா அன்னிக்கே கதவைத் திறந்து, சாயங்காலம் உன்னை உக்கார வச்சுக் கேட்டிருப்பேன்டா. அதைச் செய்யல. அந்தத் தப்புக்குத்தான் இன்னிக்கு வந்தேன்'னேன். அவன் இறங்கிப் போயிட்டான். கையில இருந்த பைலைக் கீழ போட்டுட்டு, திரும்பி வந்து எடுத்துக்கிட்டுப் போனான். திரும்பி வந்தப்போ அவன் கண்ணு கலங்கியிருந்தது. பெத்த வயிறு மட்டும்தான் எரியும்னு யார் சொன்னா? ஒரு நாள் அவன் வந்து கதவைத் தட்டுவான். அன்னிக்கு எனக்குக் கேக்கும். இதை உன்னைச் சங்கடப்படுத்த எழுதல. எனக்குச் சொல்ல வேற ஆள் இல்ல.

இப்ப நல்ல சேதி. கண்டக்டர் பொய் முட்டை மேல பத்தொன்பது நாள் உக்காந்தா. இருபதாம் நாள் காலையில திரையை ஏத்தினேன். எழுந்து ஒரு முட்டையைக் காலால தள்ளிப் பார்த்தா. 'போதும்டா சாமி'ன்னு சொல்ற மாதிரி உடம்பை உதறினா. நேரா தண்ணிக் கிண்ணத்துல இறங்கிக் குளிச்சா, என் மூஞ்சியெல்லாம் தண்ணி. அதுக்கப்புறம் ஒரு நாள்கூட அந்த மூலைக்குப் போகல. ரெண்டு நாள் பொறுத்து முட்டையை எடுத்தேன். இந்தத் தடவை அவசரப்படல.

முட்டை இல்லாம பத்து வாரத்துக்கு மேல ஆச்சு. எடை தொண்ணூத்தி ஒண்ணு. தினைப் பொட்டலத்தைப் பிரிக்கிறதுல கெட்டிக்காரி ஆயிட்டா. முதுகைத் தடவச் சொல்லிக் குனிஞ்சு காட்டுறா. நான் எழுந்து ஜன்னல் பக்கம் போயிடுறேன். கஷ்டமாத்தான் இருக்கு, ஆனா அவளுக்கு நல்லது எது, எனக்கு இதமா இருக்கிறது எதுன்னு இப்பத் தெரியுது.

உனக்கு அவளைக் கூட்டிட்டுப் போகணும்னா சொல்லு. அவ உன்னோட பறவை. நான் ஒண்ணும் சொல்ல மாட்டேன்.

மாமா


ஆகஸ்ட் 24

மாமா,

தீர்ப்பு வந்துருச்சு. எனக்குச் சாதகமாத்தான். நீங்க சொன்னதை ஜட்ஜம்மா நாலு வரி அப்படியே எடுத்து எழுதியிருக்காங்க. வக்கீலம்மா அதைப் படிச்சுக் காட்டினப்போ சந்தோஷப்படணுமா அழணுமான்னு தெரியல. கடைக்குப் போய் எனக்கு ஒரு குடை வாங்கிக்கிட்டேன். அவ்வளவுதான் கொண்டாட்டம்.

ஹாஸ்டலை விட்டாச்சு. லேபுல இருந்து நடக்கிற தூரத்துல ஒரு வீட்டோட பின்பக்கம், ஒண்ணரை ரூம். அரை ரூம்ல ஒரு கட்டில் போடலாம். ஜன்னல் கிழக்குப் பார்த்தது, எதிர்ல ஒரு டயர் கடை, காலையில எட்டு மணி வரைக்கும் சத்தம் இருக்காது. லேபுல இப்ப எனக்குக் கீழ ரெண்டு பொண்ணுங்க வேலை கத்துக்குறாங்க. அதுல ஒருத்திக்குப் பொய் முட்டை கதையைச் சொன்னேன், அவ உடனே ஆறு செஞ்சு எதிர் டாக்டரம்மாகிட்ட கொடுத்துட்டு வந்தா. இப்ப அங்க வர்ற பறவைக்காரங்களுக்கெல்லாம் எங்க லேப் முட்டைதான்.

கண்டக்டர் என்னோட பறவைன்னு எழுதினீங்க. அப்படி இல்ல. ஆஸ்பத்திரிக்குத் தூக்கிட்டு ஓடினது நீங்க. தினம் ஆறரைக்குத் திரை இறக்குறது நீங்க. அவளை உங்ககிட்ட இருந்து பிரிச்சா மறுபடி அவ உடம்பு என்னத்தையாவது ஆரம்பிக்கும். வெயில் காலம் திரும்ப வந்தா எப்படியும் ஒரு தடவை முயற்சி பண்ணுவான்னு டாக்டரம்மா சொல்றாங்க. இது ஒரே தடவையில முடியிற வேலை இல்லையாம், வருஷா வருஷம் கவனிக்கணுமாம். அதை ஒருத்தரா செய்யறதுக்கு ரெண்டு பேரா செஞ்சா சுலபம்.

அதனால ரெண்டு பேரும் வாங்க. முதல்ல ஒரு மாசம் இருந்து பாருங்க. பிடிச்சா இருங்க, பிடிக்கலன்னா திரும்பிக் கொண்டு போய் விடுறேன். உங்க வீட்டைப் பூட்டிச் சாவியை மேல் மாடி டீச்சரம்மாகிட்ட கொடுங்க, அவர் என்னிக்காவது வந்தா வாங்கிக்கட்டும்.

நடந்ததை மறந்துட்டேன்னு நினைக்காதீங்க. சில நாள் உங்களைப் பார்த்தாலே எனக்குக் கோபம் வரும், பேசாம இருப்பேன். அப்ப மிஷினைக் கழட்டாதீங்க. திட்டினாலும் கேட்டுக்கிட்டு உக்காருங்க. எனக்கு அது போதும்.

வீட்டுக்கார அம்மாகிட்ட அனுமதி கேக்குறதுதான் பெரிய பாடா இருந்தது. பறவைக்குச் சரின்னுட்டாங்க. கூட மாமனார் வர்றார்னு சொன்னதும் முழிச்சாங்க.

"விவாகரத்து ஆயிடுச்சுன்னு சொன்னியே, அப்புறம் ஏதும்மா மாமனார்?"

"புருஷன்தான் போயிட்டார். மாமனார் இருக்கார்."

அப்புறம் உள்ள போய் ஒரு மடக்குக் கட்டிலை இழுத்துட்டு வந்து, 'இதுல ஒரு கால் மட்டும் ஆடும், அவர்கிட்ட சொல்லிச் சரி பண்ணிக்கச் சொல்லு'ன்னுட்டுப் போயிட்டாங்க.

வியாழக்கிழமை பகல் வண்டியில வாங்க. சின்னக் கூண்டுல மூணு பக்கம் துணி கட்டுங்க, ஒரு பக்கம் உங்களைப் பார்க்கிற மாதிரி திறந்திருக்கட்டும். தண்ணிக் கிண்ணம் ஆடிக் கொட்டிரும், அதனால வெள்ளரிக்காய் ரெண்டு துண்டு செருகி வைங்க. ஜன்னலோரம் வேண்டாம், காத்து அடிக்கும். நான் அரை நாள் லீவு சொல்லிட்டேன். நாலு மணிக்கே பிளாட்பாரத்துக்கு வந்துருவேன்.